விலைவாசியும் நமது கூலிக் கணக்கும்

சுந்தரபாண்டியபுரத்தில் அங்கத்தினர்களுடன் உரையாடிக் கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர், “பணவீக்கம் குறைந்துவிட்டதென்று பத்திரிகையில் போடுகிறார்களே, எண்ணெய் விலை ஏன் ஐயா இறங்கவில்லை?” என நம்மை வினவினார். சூரியகாந்தி பூக்கும் ஊரில் எண்ணெயைப் பற்றிக் கேள்வி எழுவது இயல்பே.

குறைந்தது விலையன்று, விலை ஏறும் வேகமே. 100 ரூபாய்ச் சாமான் ஓராண்டில் 106 ஆகி, மறு ஆண்டு 2 சதவீதமே ஏறினாலும் 108 ரூபாயைத் தாண்டும். 2016இல் ரிசர்வ் வங்கிக்கு மத்திய சர்க்கார் வகுத்த இலக்கும் ஆண்டுக்கு 4 சதவீத ஏற்றமேயன்றிப் பூஜ்யமன்று.

இவ்வேற்றம் வட்டிக்கு வட்டிபோல் வளர்வது. சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்காரின் ஆதரவு விலை 2014-15இல் குவிண்டாலுக்கு 1,360 ரூபாய். 2024-25இல் 2,300 ரூபாய். 940 ரூபாய் கூடியதென மகிழ்கிறோம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாகக் கொண்டால், அன்று 1,360க்குக் கிடைத்த பண்டங்களை வாங்கவே 2,215 ரூபாய் வேண்டும். மெய்யான மிகுதி 85 ரூபாய்! உரமும் ஆட்கூலியும் அதனினும் விரைந்து ஏறிய இடத்தில் அதுவும் மிஞ்சாது.

நெசவாளர் நிலை இன்னும் கடினம். கூலி மூன்றாண்டு மாறாதிருப்பின், இதே ஏற்றத்தில், 100 ரூபாய்க் கூலி முன்பு சுமார் 86 ரூபாய்க்குக் கிடைத்த பண்டத்தையே வாங்கும். கூலியை எவரும் குறைக்கவில்லை, ஆயினும் குறைந்துவிட்டது. குறைப்புத் தீர்மானம் என ஒன்று இல்லாமையால் மகாசபையில் பேச்சும் எழுவதில்லை.

கூலி நிர்ணயக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர்கள், சென்ற ஒப்பந்த ஆண்டின் மளிகைச் சிட்டையையும் இவ்வாண்டுச் சிட்டையையும் உடன் கொண்டுவருதல் நலம்.