பனியுருகிய நீர் அறுத்த பாறை

ஜெர்மனியின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன். 1936 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அந்தப் போட்டிகளின் பனிச்சறுக்கு மைதானத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் பார்ட்னாக் மலைப்பிளவின் வாய் வந்துவிடும். நீளம் சுமார் 700 மீட்டர்தான். ஆனால் இருபுறமும் 80 மீட்டருக்குச் செங்குத்தான பாறைச் சுவர்கள்! பாறையைக் குடைந்து போட்ட ஒடுக்கமான பாதையில், கம்பியைப் பிடித்தபடி, சில இடங்களில் தலையைக் குனிந்து நடக்க வேண்டும். ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் வருபவர் பேசுவது காதில் விழாது. மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் கோடையிலும் மழைக்கோட்டு தேவை. கடுங்குளிரில் அதே நீர் பனிவிழுதுகளாக உறைந்து தொங்கும்.

நம் ஊர் மலைகளைப் போல இது கருங்கல் அல்ல. சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். பனியுகத்துப் பனியாறுகள் முன்னும் பின்னும் இருந்த மென்பாறையைத் தேய்த்து அகலமாக்கிவிட, இந்தக் கெட்டி அடுக்கு மட்டும் குறுக்கே நின்றது. பனியுருகிய நீர் மணலையும் கூழாங்கல்லையும் உருட்டி வந்து அதை ஆழமாக அறுத்தது.

1912இல் இது இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே இது மரம் போகும் வழி. மலைக்காட்டில் வெட்டிய கட்டைகளில் உரிமையாளரின் குறியைச் செதுக்கி, ஆறு பெருகும் சமயம் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். 1960கள் வரை இது நடந்தது. இடுக்கில் சிக்கிய கட்டைகளை விடுவிப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அந்தத் தொழிலாளர்களை நினைக்காமல் இங்கே நடப்பது நியாயமில்லை.

பாறை இன்னும் அடங்கிவிடவில்லை. 1991 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 5,000 கன மீட்டர் பாறை சரிந்து ஆற்றை மறித்தது. பின்னால் ஒரு சிறு ஏரியே தேங்கிவிட்டது. பாதையைச் சுரங்கம் வெட்டித் திருப்பினார்கள்.

நீர் வரும் இடத்தில்தான் பெரிய கவலை. நாட்டின் மிக உயரமான சுக்ஷ்பிட்ஸ சிகரத்தின் (2,962 மீட்டர்) மேட்டுப் பரப்பில் உருகும் பனி, பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி மறைந்து, கீழே ரைன்டால் பள்ளத்தாக்கில் ஊற்றாகக் கிளம்பிப் பார்ட்னாக் ஆறாகிறது. அந்த மேட்டில் கிடந்த தெற்கு ஷ்னேஃபெர்னரை இனிப் பனியாறாகக் கருத முடியாது என்று 2022 செப்டம்பரில் பவேரிய அறிவியல் கழகம் அறிவித்தது. பெரும்பாலான இடங்களில் பனியின் தடிமன் 2 மீட்டர்கூட இல்லை. தன் எடையால் நகர முடியாத பனி, பனியாறு ஆகாது. அப்போது ஜெர்மனிக்கு மிஞ்சியவை நான்கே.

கேபிள் காரில் சிகரம் ஏறிப் பார்ப்பவர்கள் அரை நாள் ஒதுக்கி இந்தப் பிளவுக்குள்ளும் நடக்க வேண்டும். பனியுருகும் காலத்திலும் கனமழையிலும் பாதையை மூடிவிடுவதுண்டு. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.