வாச்சாத்திக்குத் துணைநின்றவர்கள்

தருமபுரி மாவட்டத்தில், அரூரை அடுத்த சித்தேரி மலையடிவாரத்தில், மலையாளிப் பழங்குடியினர் பெரும்பாலோராய் வாழும் வாச்சாத்தி என்னும் சிற்றூருக்குள், பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் திரளாய்ப் புகுந்து, வீடுகளை இடித்து, தானியத்தைப் பாழாக்கி, கிணற்று நீரைக் கெடுத்து, பதினெட்டுப் பெண்களைப் பலாத்காரம் செய்த அக்கிரமத்தை வாசகர் பலர் அறிவர். அதன்பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. துன்பப்பட்டவர்களே குற்றவாளிகளாக்கப்பட்டார்கள்; 90 பெண்களும் 28 குழந்தைகளும் உட்பட 133 பேர் சந்தனக் கடத்தல் பழி சுமந்து சேலம் சிறைக்குச் சென்றார்கள்.

சாதாரணமாக ஒருவன் சிறைப்பட்டால் அவனுக்காக அலைவதற்கு உற்றாரும் ஊராரும் இருப்பார்கள். வாச்சாத்தியிலோ ஊரே சிறைக்குள் இருந்தது, மிஞ்சியவர்கள் காட்டில் ஒளிந்து திரிந்தார்கள். ஜாமீனுக்கு நிற்க ஆள் ஏது? அந்த நிலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும், அச்சங்கத்தின் பெ. சண்முகமும், மார்க்சிஸ்ட் கட்சியாரும், மாதர் சங்கத்தாரும், இரத்த பந்தம் ஏதுமின்றியே அவர்களுக்கு ஊராராய் வந்து வாய்த்தார்கள் என்பதே இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம்.

அரசு அனைத்தையும் மறுத்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியான பாமதி என்ற பெண்மணி நேரில் விசாரித்து அறிக்கை தந்ததும், மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராயிருந்த அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடியதும் சேர்ந்தே, 1995-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்புவிக்கச் செய்தன. 269 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள்தாம் கடினமானவை. வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி, வாய்தா மேல் வாய்தாவாக நீள, அன்றாடக் கூலியை நம்பி வாழும் எளிய பெண்கள் வேலையை விட்டுவிட்டு அந்நியர் கூடிய நியாயஸ்தலத்தில் நின்று, தமக்கு நேர்ந்த மானக்கேட்டைத் தம் வாயாலேயே விவரித்து, செய்தவர்களை அடையாளம் காட்டவேண்டியிருந்தது. அத்தகைய தைரியம் தனித்திருப்பவர்க்கு எளிதில் வாய்க்காது. அருகே துணைவர் இருந்தமையால் அவர்கள் பின்வாங்கவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், வழக்கு நடக்கையிலேயே மாண்டுபோன 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர்மீது பலாத்காரக் குற்றம் நிரூபணமாயிற்று. மேல்முறையீட்டில் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே சென்று பார்த்து, 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்ததோடு, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும், இறந்தவராயின் அவர் குடும்பத்துக்கும், பத்து லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.