இடாப்புச் சொன்ன கணக்கு

சென்ற மார்கழி விடுமுறையில், முடிந்த ஆண்டு எனக்குக் கற்பித்தது யாது என அறிய விரும்பி, பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, அதிகாரிகளின் வருகை யாவும் என் கையெழுத்திலேயே அழகாக இருந்தன. நல்ல ஆண்டு என்று மனம் தீர்ப்பளித்தது.

பின்னர் ஒன்பதாந் தர வரவு இடாப்பைப் புரட்டினேன். ஒரு மாணவன் முதலாந் தவணையில் திங்கட்கிழமைகளில் மட்டும் வரவில்லை. இரண்டாந் தவணையில் வியாழனும் சேர்ந்துகொண்டது. மூன்றாந் தவணையில் அவன் வரவே இல்லை. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்னும் விதி 2016 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மாதந்தோறும் அவ்விடாப்பில் ஒப்பமிட்டவனும் நானே. கூட்டுத்தொகையைச் சரிபார்த்தேன், பெயர்களைப் படிக்கவில்லை.

நேயர்களே, நினைவு நடுநிலையான சாட்சியன்று. மேடையேறியதைப் பேணும், சிறிது சிறிதாகக் குறைந்ததைக் காணாது. ஆதலால், ஆண்டைத் திரும்பிப் பார்ப்போர், பெருமைக்காக எழுதியவற்றை விடுத்து, கடமைக்காகக் குறித்தவற்றைப் பார்ப்பது நன்று. வீட்டுச் செலவுக் கொப்பியும் அத்தகையதே. அது முகத்துக்காகப் பேசுவதில்லை.

அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். திங்கள் ஒரு சந்தை, வியாழன் மற்றொன்று; தகப்பனுக்குத் துணையாக மரக்கறி மூட்டை ஏற்றப் போனவன், பின்னர் அதனையே தொழிலாக்கிக்கொண்டான். "ஒருவராவது வந்து கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன், ஐயா" என்றார் தாயார். மறுமொழி கூற என்னிடம் ஒன்றுமில்லை.

இப்பொழுது வெள்ளிதோறும் இடாப்பைப் பெயர் பெயராகப் படிக்கிறேன். அவன் வருகிறான். வியாழன் மட்டும் இன்னும் தவறுகின்றது.