படிவத்தில் ஆள் இருக்கும் இடம்

பழங்கட்டடத்தைப் புதுப்பிக்க வரிக்கழிவு கேட்டு விண்ணப்பிப்பது பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. எது வரலாறு, அதில் எதைக் காப்பாற்றலாம் என்பதை அரசு ஒரு படிவத்தை வைத்துத் தீர்மானிக்கிறது. அமெரிக்கப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம்.

1963இல் நியூயார்க்கின் பென்சில்வேனியா ஸ்டேஷனை இடிக்கத் தொடங்கினார்கள். 1966இல் வந்த சட்டம் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டை உருவாக்கியது. ஆனால் பதிவேட்டில் ஏறியதாலேயே தனியார் தன் கட்டடத்தை இடிப்பதைத் தடுத்துவிட முடியாது. சொத்துரிமை அங்கே அவ்வளவு புனிதம். தடுக்க முடியாத அரசு ஆசை காட்டியது. 1976இல் முதல் வரிச்சலுகை, 1981இல் 25 சதவீதக் கழிவு, 1986இல் அது 20 ஆனது. 2017 சட்டத்துக்குப் பிறகு இந்த 20 சதவீதம் ஐந்தாண்டுகளில் பிரித்துக் கிடைக்கிறது. தகுதியான செலவு பத்து லட்சம் டாலர் என்றால் இரண்டு லட்சம் கழியும். வருமானத்திலிருந்து அல்ல, கட்டவேண்டிய வரியிலிருந்தே.

கட்டடம் வருமானம் தருவதாக இருக்க வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. பொதுவாக 24 மாதத்துக்குள் ஆகும் செலவு, நிலம் நீங்கலாகக் கட்டடத்துக்குக் கணக்கில் உள்ள மதிப்பைத் தாண்ட வேண்டும். ஐந்தாண்டுக்குள் விற்றால் கழிவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

விண்ணப்பம் மூன்று பகுதி. முதலாவது, கட்டடத்தின் வரலாற்று முக்கியத்துவம். இரண்டாவது, இப்போதைய நிலையும் செய்யப்போகும் வேலையும், புகைப்படங்களோடு. மூன்றாவது, முடிந்த வேலை. மாநிலப் பாதுகாப்பு அலுவலகம் பார்த்துக் கருத்துச் சொல்லும். தேசியப் பூங்காத் துறை முடிவு செய்யும். ஒப்புதலுக்கு முன்பே பழைய ஜன்னல்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்புறம் போய் நின்றால் மொத்த விண்ணப்பமும் அடிபடலாம்.

இனி இந்தப் படிவத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். முதல் பகுதியில் மனிதர்களுக்கு இடமுண்டு. வேலைநிறுத்தம் நடந்த ஆலை என்பதையே முக்கியத்துவமாக எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு வந்ததும் ஆள் காணாமல் போகிறார். செங்கல், மாடிப்படி, ஜன்னல் மட்டும் மிஞ்சுகின்றன. நியூ இங்கிலாந்தின் பழைய நெசவாலைகள் பல இப்படி அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியிருக்கின்றன. சுவர் பத்திரமாக இருக்கிறது. அங்கே நெய்தவளின் பேத்தியால் இன்றைய வாடகையைக் கட்ட முடியுமா? இந்தப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

கழிவின் பயனும் வரி கட்டுகிறவருக்கே. வரி கட்டாத லாபநோக்கற்ற அமைப்பு, ஒரு வங்கியையோ கம்பெனியையோ பங்காளியாகச் சேர்த்துக்கொண்டுதான் இதைக் காசாக்க முடியும். அட்லாண்டிக் சிட்டியின் போர்ட்வாக் ஹால் வழக்கில், லாபநஷ்டத்தில் உண்மையான பங்கில்லாத கம்பெனி பங்காளியே அல்ல என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அதற்காக இதை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. குறைந்த வருமானக்காரர் குடியிருப்புக்கென 1986இல் வந்த இன்னொரு வரிக்கழிவை இதோடு சேர்த்து வாங்க வழியிருக்கிறது. அதில் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. சுவரை ஒரு படிவம் காக்கிறது, குடியிருப்பவரைக் காக்க இன்னொன்று வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்கிற அமைப்பு ஊரில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.