அசல் எங்கே?

ஓர் ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தால் பொதுவாக இரண்டு ஆண்டு வரை சிறை. அதே கைவரிசையை உயிலில் காட்டினால் பத்து ஆண்டு வரை, நீதிமன்றம் முடிவெடுத்தால் ஆயுள் தண்டனையே கூட. 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 467-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. காசோலை, புரோநோட்டு, கிரயப் பத்திரம், பணம் பெற்ற ரசீது எல்லாம் இந்தப் பிரிவில்தான் அடங்கும்.

இவற்றில் உயிலின் நிலைமை வேறு. கிரயப் பத்திரத்தில் யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டால், நிலத்துக்காரர் நேரில் வந்து "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொல்லலாம். உயில் நடைமுறைக்கு வரும்போது எழுதியவர் உயிரோடு இருப்பதில்லை. அதனால்தான் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது கூண்டேற வேண்டும். 1959-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கையெழுத்து நடுங்கியிருக்கிறதா, எழுதியவருக்கு நினைவு தெளிவாக இருந்ததா, சொத்தைப் பெறுகிறவரே முன்னின்று எழுதவைத்தாரா என்ற சந்தேகங்களையெல்லாம் உயிலைக் கொண்டுவருபவர்தான் தீர்த்துவைக்க வேண்டும் என்றது.

பதிவு செய்துவிட்டால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. கடைசியாக எழுதியதே செல்லும். சார்பதிவாளர் முன்னால் போட்டோ எடுத்து, ரேகை வைத்து எழுதிய உயிலை, பிந்தைய தேதியிட்ட ஒரு வெள்ளைத்தாள் உயில் கவிழ்த்துவிடலாம். மோசடிக்காரர்கள் குறிவைப்பது இந்த இடத்தைத்தான்.

கையெழுத்து உண்மையாக இருந்தும் ஆவணம் போலியாகலாம். புத்தி சுவாதீனம் இல்லாதவரிடமோ, போதையில் இருப்பவரிடமோ, பென்ஷன் பாரம் என்று ஏமாற்றியோ கையெழுத்து வாங்கினால் அதுவும் குற்றம்தான். வேறு எதற்கோ கையெழுத்திட்டுத் தந்த வெற்றுத்தாளில் உயிலை டைப் அடித்திருந்தால், மேலே தாராளமாக ஓடும் வரிகள் கையெழுத்தை நெருங்கும்போது நெருக்கியடித்து நிற்கும். பார்த்து வரைந்த கையெழுத்தில் பேனா வேகமாக ஓடியிருக்காது. கோட்டின் அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருக்கும். ஒரே இழுப்பில் வரவேண்டிய சுழிப்பின் நடுவே பேனாவை எடுத்து வைத்த தடம் தெரியும். ஜெராக்ஸில் இவற்றை நம்பிப் பார்க்க முடியாது. அசல்தான் வேண்டும்.

அந்த அசலைத் தேடிப் பிடிக்க வேண்டிய காவல் நிலையத்திலோ, "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. 2005-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரு உயில் வழக்கிலேயே, இதைத் தெளிவுபடுத்திவிட்டது. நீதிமன்றத்தின் பொறுப்பில் வந்த பிறகு ஆவணத்தில் கைவைத்திருந்தால்தான் நீதிமன்றம் வழியாகப் புகார் வர வேண்டும். வெளியே தயாரித்துக் கொண்டுவந்த போலிக்கு அந்தத் தடை கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சொத்துக்காரப் பெண்மணியாக வேறொருவரை நடிக்கவைத்துப் பவர் பத்திரம் போட்டதாகப் புகார். கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. உயர் நீதிமன்றம் விடுவித்தது. போலி ஆவணத்தை உருவாக்கியவர் மீதுதான் இந்தக் குற்றம் நிற்கும், நடித்தவரைக் கண்டுபிடிக்கவே இல்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. இதைச் சட்டத்தின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தவர் யாரென்றே தெரியாமல், போலி ஆவணக் குற்றத்தை ஒருவர் மீது சுமத்த முடியாது. கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேதனை.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யத் தமிழ்நாடு அரசு 2022-இல் பதிவுச் சட்டத்தில் 77-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. சிவில் நீதிமன்றத்தின் வேலையைப் பதிவாளரிடம் தர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அதைச் செல்லாது என அறிவித்தது. ஏமாந்தவர்கள் மறுபடியும் சிவில் கோர்ட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் அலைகிறார்கள்.

ஆகவே புகார் வந்த முதல் வாரத்திலேயே அசலைக் கைப்பற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவு அலுவலகத்தின் ரேகைப் பதிவேட்டையும், ஆளை அடையாளம் காட்டிக் கையெழுத்திட்டவர்களையும் விடக்கூடாது. உயில் என்றால் இரண்டு சாட்சிகளையும் தனித்தனியே உட்காரவைத்து, அறையில் யார் யார் இருந்தார்கள், பேனா யாருடையது, முதலில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்க வேண்டும். அந்தச் சாட்சிகளும் பெரும்பாலும் வயதானவர்கள்தான். அவர்கள் காலம் முடியும்வரை கோப்பைத் தூங்கவிடக் கூடாது.