பட்டம் வாங்க எண்பது மணி நேரத் தொண்டு

பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க என்ன வேண்டும்? தேர்வில் தேற வேண்டும், கட்டணம் கட்டியிருக்க வேண்டும் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டும் போதா. 2000ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பல்கலைக்கழகம், இளநிலைப் பட்டத்துக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் குறைந்தது 80 மணி நேரம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. இதற்குக் கூலி கிடையாது. எவ்வளவு புள்ளி எடுத்திருந்தாலும் இந்தக் கணக்கு முடியாமல் பட்டம் கைக்கு வராது.

நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 80 மணி என்பது பத்து நாள் வேலை. பெரட்டுக்களத்தில் நின்று பழகிய நமக்குப் பத்து நாள் பெரிதல்ல. ஆனால் அந்தப் பத்து நாளும் பிறருக்காக என்றால், அது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகிறது.

இந்தப் பழக்கம் அங்கே பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. 1997இல் பள்ளி மாணவர்களுக்கென்று ஒரு சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு ஆறு மணி நேரமாவது தொண்டு செய்ய வேண்டும் என்பது அதன் கணக்கு. 2012இல் அத்திட்டம் மாற்றி அமைக்கப்பட்டது. செய்த வேலையிலிருந்து பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்பதற்கு அதில் கூடுதல் இடம் கிடைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2011இல் சமூகத் தலைமைத்துவத்துக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2021இல் சமூக ஈடுபாட்டைப் பொதுப் பாடங்களில் ஒன்றாகவும் சேர்த்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், முதியவர்களோடு பழகுவதும் அங்கே படிப்பின் பகுதியாகிவிட்டன.

செங்காங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய் வேலை செய்யும் நம் உறவினர் சிலர் அந்தப் பக்கம் குடியிருக்கலாம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் காங்கார் என்ற மீனவர் கிராமமும் இருந்த இடம் அது. இன்று வானளாவிய அடுக்குமாடி நகரம். 2003இல் திறந்த வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால், தேக்காவிலிருந்து நேராக செங்காங்கில் போய் இறங்கிவிடலாம். அங்குள்ள வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தில் நம்மவர்கள் கூடுகிறார்கள். அந்த அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளும் நான் மேலே சொன்ன பள்ளித் திட்டத்தின் கீழ் வருபவர்களே.

அங்குள்ள இந்தியர்களுக்காக 1991இல் ஏற்பட்ட சிண்டா அமைப்பையும் சொல்ல வேண்டும். வேலை பார்க்கும் இந்தியர் பலரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை அதற்குப் போகிறது. குறைந்த சம்பளக்காரருக்கு அது ஒரே ஒரு வெள்ளிதான். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன. தொண்டூழியர்கள் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறார்கள். ஒருவர் வெள்ளியைக் கொடுக்க, இன்னொருவர் நேரத்தைக் கொடுக்கிறார்.

"மணிக்கணக்குப் போட்டு வாங்குவது தொண்டாகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையெழுத்துக்காக வந்து நின்றுவிட்டுப் போகிறவர்கள் எங்கும் இருப்பார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு நாள் பாட்டுப் பாடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் ஒரே பிள்ளைக்கு வாரந்தோறும் எழுத்துக் கூட்டச் சொல்லித் தரும் மாணவனை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை ஏன் பசியோடு வருகிறது, வீட்டில் விளக்கு ஏன் சீக்கிரம் அணைகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிய வரும். எந்த அலுவலகக் கதவைத் தட்டினால் உதவி கிடைக்கும் என்று தேடிப் போவான். கூட்டம் கூட்டவும், கணக்கு எழுதவும், மனுப் போடவும், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும் பழகுவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இப்படிப் பழகியவனுடைய படிப்பு கறிக்கும் உதவும்.

இது நமக்குப் புதிதா? இல்லை. 1950களில் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசின் வழியாக மாணவர் மணிமன்றத்தை வளர்த்தார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது எளிய மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். மலேசியாவில் 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களே ஆசிரியர்களாக நின்று நம் பிள்ளைகளுக்கு வழி காட்டினார்கள்.

தோட்டம் கைமாறும்போது, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் புரியாத நடையில் வரும்போது, நாம் யாரைத் தேடி ஓடுகிறோம்? படித்த பிள்ளை பட்டணத்தில் இருக்கும். பெருநாளுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகும். கிராணியாரோ, தொழிற்சங்கத்துக்காரரோ, பள்ளி ஆசிரியரோ கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். பிறகு கெடு முடிந்துவிடும். நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது பெருமைதான். அந்தப் படிப்பில் ஒரு பங்கு லயத்துக்குத் திரும்பி வராவிட்டால் நாம் என்றும் பிறர் உதவியை எதிர்பார்த்தே நிற்போம்.

ஆகவே, பெற்றோர்களே, விடுமுறைக்கு வரும் மகனிடமோ மகளிடமோ ஒன்று கேளுங்கள். நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கட்டும். சேமநிதி, சொக்சோ பாரங்களை வயதானவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கட்டும். வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லட்டும். நாற்பது நாளில் 80 மணி நேரம் தானாகச் சேர்ந்துவிடும். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போடாது. ஆனால் அடுத்த முறை லயத்துக்கு ஒரு கடிதம் வரும்போது அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருக வேண்டியிருக்காது.