வெறுநிலத்து உக்கலும் வெயிலும்

கண்டி மலைச்சாரல்களிற் பங்குனி மாதத்திலே சிறுபோகத்துக்காகத் தோட்டநிலம் திருத்தப்படுகிறது. புல்லைச் செருக்கி, சருகைக் கூட்டி எரித்து, மண்ணைக் கொத்தியபின், மழை வரும்வரை அந்நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ள கண்டிக்கு ஏப்ரல் முற்பகுதியிற் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. ஆகவே மண் மூடப்படாதிருக்கும் வேளையிலேயே வெயிலும் கடுமையாக இருக்கின்றது.

உக்கல் யாது?

இலை, வேர், சாணம் முதலியன மக்கியபின் மண்ணில் எஞ்சும் கரும்பொருளே உக்கல். அதன் நிறையிற் பாதிக்குமேல் காபன் ஆகும். உக்கல் நீரைப் பிடித்துவைக்கும். பசளைச் சத்துக்கள் கழுவப்படாது காக்கும். மண் துணிக்கைகளை ஒன்றுசேர்க்கும்.

வெயில் செய்யும் வேலை

கருநிறப் பொருளாகிய உக்கல் ஒளியை நன்கு உறிஞ்சுகிறது. ஊதாக் கடந்த கதிர்கள் இவ்வகையில் வலிமை மிக்கவை. உறிஞ்சிய சக்தியின் ஒரு பகுதி காற்றிலுள்ள ஒட்சிசனுக்குக் கைமாறுகிறது. அவ்வாறு தூண்டப்பட்ட ஒட்சிசன் உக்கலைத் தாக்கிச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. காபனில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகிக் காற்றிற் கலந்துவிடுகிறது.

அத்துண்டுகளிற் சில மிகைச் சக்தியுடன் தோன்றி, அதனை ஒளியாக வெளிவிட்டு அடங்குகின்றன. இங்கே நெருப்பில்லை, எனினும் ஒட்சிசன் காபனை உண்பதும் ஒளி பிறப்பதும் உண்டு. இவ்வொளி கண்ணுக்குப் புலப்படாது. இருட்டறையில் நுண்ணிய ஒளியை அளக்கும் கருவியே அதனை அறியும். மழைக்காலத்தில் உக்கிய கட்டைகளில் இரவிலே சில வேளை காணப்படும் ஒளி வேறு. அது காளானின் உயிர்ச்செயலால் உண்டாவது.

இழப்பின் அளவு

சூரிய ஒளி மண்ணினுள் ஒரு மில்லிமீற்றர் ஆழமளவே புகும். உக்கலிற் பெரும்பங்கைச் சிதைப்பவை நுண்ணுயிர்களே. எனினும் கொத்துந்தோறும் புதுமண் வெயிலுக்கு வருகிறது. நிலம் சூடேற, ஈரமுள்ள மண்ணில் நுண்ணுயிர்களின் வேலையும் விரைவுபடுகிறது. எஞ்சியதை மழை அரித்து மகாவலி கங்கையிற் சேர்க்கிறது. மண்ணைக் காப்பதற்கு 1951ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மண்ணை மூடுதல் உங்கள் கையிலேயே உள்ளது.

செய்ய வேண்டியவை

1. சருகை எரியாதீர்கள், நிலத்திலேயே பரப்புங்கள்.

2. கிளிரிசிடியா, முள்முருக்கு ஆகியவற்றின் தழையை இரண்டு அல்லது மூன்று அங்குலக் கனத்துக்கு இடுங்கள்; பயிரின் அடித்தண்டை அது தொடலாகாது.

3. நடுகைக்கு வேண்டிய வரிசையை மட்டும் கொத்துங்கள்.

4. சாணத்தையும் கூட்டெருவையும் நிழலில் மூடிவையுங்கள். நிலத்தில் இட்ட அன்றே மண்ணுடன் கலந்துவிடுங்கள்.

ஐயமுடையோர் ஒரு பாத்தியை மூடியும் மற்றொன்றை வெறுமையாகவும் விட்டு, ஒரு மாதத்தின் பின் இரண்டையும் கையால் அளைந்து பார்க்கலாம். கண்டி வீட்டுத் தோட்டங்களிற் பலா, கமுகு, கோப்பி, மிளகு என்பன அடுக்கடுக்காக நிழல் செய்ய, உதிர்ந்த சருகு நிலத்தை மூடியிருக்கிறது. அங்கே மண் கருமையாயும் ஈரமாயும் இருப்பதன் காரணம் இதுவே.